7. டோரண்ட் கிளையன்ட் எழுதி ஹாஸ்கெல் பழகுவது

ஹாஸ்கெல் கற்கத் தொடங்கியவர்களில் பலர் ஒரே இடத்தில் நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன். பட்டியலைத் திருப்பிப் போடுவது, ஃபிபனாச்சி எண்களைக் கணக்கிடுவது, மரத்தில் தேடுவது எல்லாம் நன்றாகவே போகும். மோனாட் பற்றி நாலைந்து விளக்கங்களும் படித்திருப்பார்கள். ஆனால் உருப்படியாக ஒன்றைச் செய்ய உட்கார்ந்தால் கை ஓடாது. அந்தப் பயிற்சிகளில் எதுவும் கெட்டுப்போவதில்லை என்பதுதான் காரணம். இணைப்பு அறுவதில்லை, பாதி பைட் வந்து நிற்பதில்லை, எதிர்முனையில் யாரும் பொய் சொல்வதில்லை.

பிட்டோரண்ட்டில் இவை அத்தனையும் நடக்கும். அதனால்தான் இந்த அத்தியாயத்துக்கு அதை எடுத்துக்கொண்டேன். பிராம் கோஹென் 2001-இல் வெளியிட்ட நெறிமுறை அது. முதல் கிளையன்ட்டை அவர் பைத்தானில் எழுதினார். அடிப்படை விதிகளை ஒரு மாலையில் படித்துவிடலாம். அதில் ஒரு பாதி வெறும் கணக்கு: பைட்டுகளைப் பிரிப்பது, ஹாஷ் ஒப்பிடுவது, எந்தத் துண்டு மீதி என்று பார்ப்பது. மறு பாதி முன்பின் தெரியாத ஐம்பது கணினிகளோடு ஒரே நேரத்தில் பேசுவது. இந்த இரண்டையும் பிரிக்கும் கோட்டை எங்கே போடுவது என்று கற்றுக்கொள்வதைத்தான் ஃபங்ஷனல் புரோகிராமிங்கின் முதல் பாடமாக நான் நினைக்கிறேன். மோனாட்டும் ஃபங்டரும் அந்த வழியில் தேவைப்படும்போது தாமாக வந்து சேரும்.

எர்லாங்கில் ஈடோரண்ட், ஹாஸ்கெல்லில் காம்பினடோரண்ட் என்று இந்தப் பாதையில் ஏற்கெனவே நடந்தவர்கள் உண்டு. உங்கள் நிரல் ஒரு முழுக் கோப்பை இறக்கிய பிறகு அவற்றைத் திறந்து படியுங்கள். அதற்கு முன்பு படித்தால் அவர்கள் போட்ட கோடு உங்கள் கண்ணில் ஒட்டிக்கொள்ளும்.

எந்தக் கோப்பு?

டெபியன் லினக்ஸின் நெட்இன்ஸ்ட் ஐஎஸ்ஓ. டெபியன் திட்டமே டோரண்ட் வழியாகத் தருவதால் உரிமம் பற்றிய கவலை இல்லை. பகிரும் நுட்பம் பொதுவாகக் குற்றமல்ல, எதைப் பகிர்கிறோம் என்பதில்தான் சிக்கல் வரும். இன்னொரு வசதியும் இருக்கிறது. டெபியனின் டிராக்கர், அதாவது யார் யாரிடம் கோப்பு இருக்கிறது என்று சொல்லும் சர்வர், சாதாரண ஹெச்டிடிபி-யில் பேசும். பல டிராக்கர்கள் பேசும் யூடிபி-க்குத் தனியாக ஒரு நெறிமுறை எழுத வேண்டியிருக்கும். முதல் வாரத்தில் அது வேண்டாம். இன்டர்நெட் ஆர்கைவிலும் நல்ல டோரண்ட்டுகள் கிடைக்கும். ஆனால் அவற்றில் பலவற்றுக்குப் பியர்கள் (கோப்பைப் பகிர்ந்துகொள்ளும் மற்றவர்கள்) இருக்கமாட்டார்கள். ஆர்கைவின் சர்வரே வெப் சீடாக நின்று தரும். பியரோடு பேசப் பழக அது உதவாது.

அதற்கும் முன்னால், உங்கள் கணினியிலேயே டிரான்ஸ்மிஷன் போன்ற ஒரு முழுமையான கிளையன்ட்டை நிறுவி, நீங்களே உருவாக்கிய சிறு டோரண்ட்டை அதில் சீட் செய்யுங்கள், அதாவது கேட்பவருக்குத் தரும்படி வையுங்கள். உங்கள் நிரல் முதலில் அதனோடு மட்டும் பேசட்டும். பாதி எழுதிய நிரலை ஊரார் மேல் ஏவிவிடுவது மரியாதையல்ல.

பென்கோட்: நாலே வகை

டோரண்ட் கோப்பு பென்கோட் என்ற வடிவில் இருக்கும். அதில் எண், பைட் சரம், பட்டியல், அகராதி என்று நான்கு வகைதான் உண்டு. ஹாஸ்கெல்லில் இது நான்கு கன்ஸ்ட்ரக்டர் உள்ள ஒரு டேட்டா டைப், நான்கு வரியில் முடிந்துவிடும். எண்ணுக்கு முன்னால் ஆங்கில ஐ, பின்னால் ஈ. பட்டியல் எல் என்ற எழுத்திலும் அகராதி டி என்ற எழுத்திலும் தொடங்கும், இரண்டும் ஈ-யில் முடியும். சரத்துக்கு மட்டும் முடிவுக் குறி கிடையாது. முன்னால் நீளம், ஒரு முக்காற்புள்ளி, பிறகு அத்தனை பைட்டுகள்.

இதற்கான பார்சரை நூலகம் எதையும் தொடாமல் நீங்களே எழுதுங்கள். அட்டோபார்செக், மெகாபார்செக் எல்லாம் பிறகு. பார்சர் என்பது ஒரு ஃபங்ஷன்தான். பைட்டுகளைக் கொடுத்தால் தோல்வி என்று சொல்லும், இல்லையென்றால் ஒரு மதிப்பையும் மீதி பைட்டுகளையும் தரும். இரண்டு பார்சர்களை அடுத்தடுத்து ஓட்ட ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதுவீர்கள். ஒன்று தோற்றால் மற்றதை முயல இன்னொன்று. சரத்துக்கு வரும்போது அவை போதாது. நீளத்தைப் படித்து முடித்த பிறகுதான் எத்தனை பைட் எடுப்பது என்றே தெரியும். முதல் பார்சரின் விடையைப் பார்த்து அடுத்த பார்சரை உருவாக்க வேண்டும். அதற்காக நீங்கள் எழுதும் ஃபங்ஷனின் டைப்பைப் பாருங்கள், அது மோனாட்டின் பைண்ட். பத்து விளக்கங்கள் படித்தும் பிடிபடாதது, ஒரு முக்காற்புள்ளியைத் தாண்டும்போது பிடிபடும்.

சரத்தின் நீளத்தில் தமிழருக்கென்றே ஒரு பாடம் காத்திருக்கிறது. கோப்பின் பெயர் 'அம்மா' என்று வைத்துக்கொள்வோம். நமக்கு அது மூன்று எழுத்து. யூனிகோடுக்கு அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15. பென்கோடில் எழுத வேண்டியது 15:அம்மா. ஹாஸ்கெல்லின் சாதாரண ஸ்ட்ரிங்கில் நீளம் கேட்டால் 5 என்று வரும். அதை எழுதினால், படிப்பவர் முதல் ஐந்து பைட்டோடு நிறுத்திக்கொண்டு, நடுவெட்டில் கிடக்கும் மீதியை அடுத்த மதிப்பு என்று எண்ணிக் குழம்புவார். பைட்ஸ்ட்ரிங்கின் சார்8 மாட்யூலிலுள்ள பேக் ஃபங்ஷன் இன்னும் மோசம். ஒவ்வொரு குறியீட்டிலும் கடைசி 8 பிட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடும், பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது. ஆங்கிலப் பெயர்களோடு மட்டும் சோதிப்பவருக்கு இது தெரியவே வராது. ஆகவே உங்கள் முதல் சோதனைக் கோப்புக்குத் தமிழில் பெயர் வையுங்கள்.

எழுதிய பார்சரைக் குவிக்செக் கொண்டு சோதியுங்கள். கோயன் கிளாசனும் ஜான் ஹியூஸும் 2000-இல் அறிமுகப்படுத்திய இந்தக் கருவிக்கு உதாரணங்கள் தர வேண்டாம், ஒரு விதியைச் சொன்னால் போதும். 'எந்த மதிப்பைப் பென்கோடாக்கித் திரும்பப் படித்தாலும் அதே மதிப்பு வர வேண்டும்' என்பது விதி. அது தானாக நூறு மதிப்புகளை உருவாக்கிப் பார்க்கும். காலிச் சரம், எதிர்ம எண், அகராதிக்குள் அகராதி என்று நீங்கள் நினைக்காத மூலைகளுக்கெல்லாம் போகும்.

இந்த விதியைத் திருப்பிப் போட்டால் உண்மையாகாது என்பதையும் கவனியுங்கள். படித்ததைத் திரும்ப எழுதினால் அதே பைட்டுகள் வரும் என்ற உறுதி இல்லை. அகராதியின் சாவிகள் பைட் வரிசையில் இருக்க வேண்டும் என்பது விதி, அதை மீறிய கோப்புகளும் உலவுகின்றன. உங்கள் மேப் அவற்றை வரிசைப்படுத்திவிடும், பைட்டுகள் மாறிவிடும். டோரண்ட்டின் அடையாளமே கோப்புக்குள் இருக்கும் இன்ஃபோ என்ற அகராதியின் பைட்டுகளுக்கு எடுத்த 20 பைட் ஷா-1 ஹாஷ்தான். ஒரு பைட் மாறினாலும் நீங்கள் வேறொரு டோரண்ட்டைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஆகவே பார்சர் இன்ஃபோ தொடங்கிய இடத்தையும் முடிந்த இடத்தையும் குறித்துவைக்கட்டும். அந்தத் துணுக்கை அப்படியே வெட்டி ஹாஷ் எடுங்கள். பெயர்களை 'சரிசெய்யவும்' வேண்டாம். 'கொ' என்ற எழுத்தையே யூனிகோடில் 6 பைட்டிலும் எழுதலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் பிரித்து 9 பைட்டிலும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஹாஷுக்கு இரண்டு.

கொஞ்சம் கணக்கு

டெபியன் 10.2 நெட்இன்ஸ்ட் கோப்பின் அளவு 35,12,72,960 பைட். துண்டின் அளவு 2,62,144 பைட். வகுத்தால் மீதியில்லாமல் 1,340 துண்டுகள். ஒவ்வொரு துண்டுக்கும் 20 பைட் ஹாஷ் என்று டோரண்ட் கோப்பில் 26,800 பைட் நீளத்துக்கு ஒரே சரம் கிடக்கும். பியரிடம் ஒரு முழுத் துண்டை ஒரே மூச்சில் கேட்கமாட்டோம். 16,384 பைட் பிளாக்குகளாகக் கேட்போம், துண்டுக்கு 16 பிளாக். யாரிடம் எந்தத் துண்டு உள்ளது என்று சொல்லும் பிட்ஃபீல்டில் துண்டுக்கு ஒரு பிட் என்றால் 167.5 பைட் வேண்டும், எனவே 168 பைட் வரும். கடைசி 4 பிட்டும் சுழியாக இருக்க வேண்டும். இடக்கோடி பிட்தான் துண்டு 0. வலமிருந்து எண்ணிவிட்டால் இல்லாத துண்டுகளைக் கேட்டுக்கொண்டே இருப்பீர்கள்.

மீதியில்லாமல் வகுபடும் இந்தக் கோப்பு ஒரு விதத்தில் ஆபத்தானது. பெரும்பாலான கோப்புகளில் கடைசித் துண்டு குறைவாக இருக்கும், அதன் கடைசிப் பிளாக்கும் குறைவாக இருக்கும். அங்கே 16,384 என்று கேட்டால் பல பியர்கள் இணைப்பையே துண்டித்துவிடுவார்கள். இந்த ஒரு கோப்போடு மட்டும் சோதித்தால் அந்தப் பிழை மறைந்தே இருக்கும். உங்கள் சிறு சோதனை டோரண்ட்டின் அளவு ஒற்றைப்படை எண்ணாக இருக்கட்டும்.

துண்டு எண், துண்டுக்குள் தூரம், நீளம் மூன்றுமே 32 பிட் எண்கள். ரெக்வஸ்ட் செய்தியில் மூன்றும் அடுத்தடுத்து வரும். ஒவ்வொன்றையும் தனித்தனி நியூடைப்பாக அறிவித்துவிடுங்கள். இடம் மாற்றிப் போட்டால் கம்பைலரே நிறுத்தும், ஓடும்போது கூடுதல் செலவும் இல்லை.

பாதியில் நிற்கும் பைட்டுகள்

டிராக்கரைக் கேட்பது எளிது. ஒரு ஹெச்டிடிபி கெட், பதிலும் பென்கோடில்தான் வரும். சுருக்க வடிவில் பியர் ஒன்றுக்கு 6 பைட்: 4 ஐபி முகவரிக்கு, 2 போர்ட்டுக்கு. கேள்வியில் இன்ஃபோ ஹாஷை அனுப்பும்போது மட்டும் கவனம் தேவை. அந்த 20 பைட்டுகளைத்தான் நேரடியாகச் சதவீதக் குறியிட்டு அனுப்ப வேண்டும், 40 எழுத்துப் பதினறும வடிவை அல்ல.

பியரோடு இணைந்ததும் முதலில் போவது 68 பைட் கைகுலுக்கல். 19 என்ற ஒரு பைட், நெறிமுறையின் பெயராக 19 பைட், ஒதுக்கப்பட்ட 8, இன்ஃபோ ஹாஷ் 20, உங்கள் அடையாளம் 20. அதன் பின் எல்லாச் செய்திக்கும் ஒரே அமைப்பு: 4 பைட் நீளம், 1 பைட் வகை, பிறகு உள்ளடக்கம். நீளம் சுழியாக வந்தால் 'இன்னும் இருக்கிறேன்' என்று பொருள்.

புதியவர்கள் தடுமாறும் இடம் அடுத்து வருகிறது. டிசிபி-க்குச் செய்தி என்றால் என்னவென்று தெரியாது, அதற்குத் தெரிந்ததெல்லாம் பைட்டுகளின் ஓட்டம். ஒருமுறை படித்தால் இரண்டரைச் செய்தி வரலாம். நீளத்தின் 4 பைட்டில் 3 மட்டும் வரலாம். நீங்கள் எழுதிய பென்கோட் பார்சருக்குத் தெரிந்தவை வெற்றி, தோல்வி என்ற இரண்டே விடைகள். இங்கே 'இன்னும் வேண்டும்' என்று மூன்றாவது ஒன்று தேவை.

அந்த விடைக்குள் என்ன இருக்க வேண்டும் என்று கொஞ்ச நேரம் யோசித்துப் பாருங்கள். மற்ற மொழிகளில் ஒரு பஃபர், அதில் எதுவரை படித்தோம் என்று ஒரு எண், எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று ஒரு கொடி என வைத்துக்கொள்வோம். ஹாஸ்கெல்லில் அதற்குள் ஒரு ஃபங்ஷனை வைக்கிறோம். 'அடுத்த பைட்டுகள் வந்ததும் என்னிடம் கொடு, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்' என்பதுதான் அந்த ஃபங்ஷன். நினைவில் வைக்க வேண்டியதெல்லாம் அதற்குள்ளேயே மூடி இருக்கும். இணைப்பு ஒன்றுக்கு இப்படி ஒரு ஃபங்ஷனைக் கையில் வைத்திருந்தால் போதும். 'ஃபங்ஷனும் ஒரு மதிப்புதான்' என்று முதல் அத்தியாயத்தில் படித்த வாக்கியம் எனக்கு உறைத்தது இந்த இடத்தில்தான். இதைச் சோதிப்பதும் சுலபம். ஒரு செய்தித் தொடரை எடுத்து, குவிக்செக்கிடம் கண்ட இடத்தில் வெட்டச் சொல்லுங்கள். எங்கே வெட்டினாலும் அதே செய்திகள் வெளிவர வேண்டும்.

நீளத்தை நம்பிவிடாதீர்கள். 4 பைட்டில் 429 கோடி வரை எழுதலாம். ஒரு பியர் அப்படி எழுதிவிட்டுப் பேசாமல் இருந்தால், அத்தனை பைட்டுக்காகவும் நீங்கள் நினைவகத்தை நிரப்பிக்கொண்டு காத்திருப்பீர்கள். 16,384 பைட் பிளாக்கைச் சுமந்துவரும் செய்தியின் நீளம் 16,393. அதையும் பிட்ஃபீல்டின் நீளத்தையும் ஒப்பிட்டு, பெரியதற்கு மேல் வந்தால் இணைப்பை முடித்துவிடுங்கள்.

மையத்தில் ஒரே ஒரு ஃபங்ஷன்

இப்போது கோட்டைப் போடலாம். பியர் இணைந்தார், செய்தி வந்தது, இணைப்பு அறுந்தது, ஒரு விநாடி கடந்தது: வெளியே நடக்கும் எல்லாவற்றையும் 'நிகழ்வு' என்ற ஒரே டைப்புக்குள் கொண்டுவாருங்கள். நாம் செய்ய விரும்புவதையெல்லாம் 'கட்டளை' என்ற டைப்பில் வையுங்கள்: இந்தப் பியருக்கு இதை அனுப்பு, இந்தத் துண்டை வட்டில் எழுது, இந்த இணைப்பை மூடு. நடுவில் ஒரு ஃபங்ஷன். பழைய நிலையையும் ஒரு நிகழ்வையும் வாங்கி, புதிய நிலையையும் கட்டளைப் பட்டியலையும் தரும். அதன் டைப்பில் ஐஓ இருக்கக் கூடாது. கடிகாரத்தைக்கூட அது தானாகப் பார்க்கக் கூடாது, நேரம் நிகழ்வோடு வரட்டும். தற்செயலாக ஒரு பியரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் அதற்கான விதை எண்ணும் நிலைக்குள்ளேயே இருக்கட்டும்.

வெளிச்சுற்று மெல்லியது. பியர் ஒன்றுக்கு ஒரு இலகு இழை, அதை ஃபோர்க்ஐஓ தரும். எல்லா இழைகளும் நிகழ்வுகளை ஒரே எஸ்டிஎம் வரிசையில் போடும். ஒரு இழை மட்டும் அங்கிருந்து எடுத்து, மைய ஃபங்ஷனைக் கூப்பிட்டு, வந்த கட்டளைகளை நிறைவேற்றும். நிலையை மாற்றும் உரிமை அந்த ஒரு இழைக்குத்தான். பூட்டு எதுவும் தேவைப்படாது.

இவ்வளவு கறாராக இருப்பது எதற்கு என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். என் கிளையன்ட் 1,340 துண்டுகளில் 1,337 வரை வந்து நின்றுவிடும். எல்லா முறையும் அல்ல, நாலில் ஒருமுறை. மூன்று துண்டுகளை யாரிடமும் கேட்காமல் சும்மா இருக்கும். இணைப்புகள் உயிரோடு இருக்கின்றன, பிழைச் செய்தி இல்லை. மறுபடி ஓட்டினால் சரியாக முடியும். இதுபோன்ற பிழையோடு மூன்று இரவு போராடியவர்களுக்கு அந்த வேதனை தெரியும்.

அப்போதுதான் நிகழ்வுகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதிவைக்கும் ஐந்து வரியைச் சேர்த்தேன். அடுத்த முறை நின்றதும் நிரலை நிறுத்திவிட்டு, பதிவான நிகழ்வுகளைப் பட்டியலாகப் படித்து, ஸ்கேன்எல் கொண்டு மைய ஃபங்ஷனை அதன் மேல் ஓட்டினேன். தொடக்கத்திலிருந்து நின்ற கணம் வரை இருந்த எல்லா நிலைகளும் ஒரே பட்டியலாக வந்துவிட்டன. இணையம் தேவையில்லை, பியர்கள் தேவையில்லை, எத்தனை முறை ஓட்டினாலும் அதே விடை. பிறகு ஒரு விதியை எழுதினேன்: 'கேட்டாயிற்று' என்று குறித்த ஒவ்வொரு பிளாக்குக்கும், அதைத் தர வேண்டிய பியர் இணைப்பிலும் இருக்க வேண்டும், நமக்குத் தரவும் சம்மதித்திருக்க வேண்டும். அந்த விதி உடையும் முதல் நிலையைத் தேடினேன். உடனே கிடைத்தது. அதற்கு நேர் முந்தைய நிகழ்வு ஒரு சோக்.

சோக் என்றால் 'இப்போதைக்கு உனக்குத் தரமாட்டேன்' என்று பொருள். அடிப்படை நெறிமுறையில் அது வந்துவிட்டால், அதுவரை நாம் கேட்டுவைத்தவற்றுக்குப் பதில் வராது. இணைப்பு அறுந்தால் பிளாக்குகளை, இனி கேட்க வேண்டியவை இருக்கும் பொதுக் கிடங்குக்குத் திருப்ப வேண்டும் என்பதை எழுதியிருந்தேன், சோக் வந்தால் திருப்புவதை எழுதவில்லை. அந்தப் பிளாக்குகள் என்றைக்கும் 'கேட்டாயிற்று' என்றே கிடந்தன. திருத்தம் ஒரே வரி. அந்த நிகழ்வுக் கோப்பை அப்படியே சோதனைகளில் சேர்த்துவிட்டேன்.

மைய ஃபங்ஷன் ஒரே ஒரு முறை கடிகாரத்தைப் பார்த்திருந்தாலும் இந்த மறு ஓட்டம் நடந்திருக்காது. 'தூய ஃபங்ஷன்' என்ற சொல்லுக்கு அன்று வரை என்னிடம் இருந்தது அழகியல் பொருள். அதன் பிறகு அது எனக்குக் கைக்கருவி.

நினைவகம் ஏறினால்

ஹாஸ்கெல் தேவைப்படும்போதுதான் கணக்கிடும். 'இறக்கிய பைட்' என்ற எண்ணோடு ஒவ்வொரு முறையும் 16,384-ஐக் கூட்டுகிறீர்கள், ஆனால் யாரும் அதைத் திரையில் காட்டவில்லை என்றால், 21,440 பிளாக்குகளுக்கும் கூட்டலைச் செய்யாமல் 'பிறகு கூட்டு' என்ற குறிப்புகளாகவே அடுக்கிவைக்கும். நிலையின் எண் புலங்களை ஸ்ட்ரிக்ட் என்று குறித்துவிடுங்கள். மறு ஓட்டத்திலும் இறுதி நிலை மட்டும் போதுமென்றால், ஸ்ட்ரிக்ட்டாகக் கூட்டும் ஃபோல்டையே பயன்படுத்துங்கள்.

இன்னொரு கசிவு கண்ணில் படாது. பைட்ஸ்ட்ரிங்கில் ஒரு பகுதியை வெட்டினால் நகல் உருவாகாது, பழைய பஃபரையே சுட்டும். வேகத்துக்கு அது நல்லது. ஆனால் பியரின் 20 பைட் அடையாளத்தை வெட்டி நிலையில் வைத்தால், அது இருக்கும் வரை முழுப் பஃபரும் நினைவகத்தை விட்டுப் போகாது. நெடுநாள் வைக்கப்போகும் சிறு துணுக்குகளை மட்டும் காப்பி ஃபங்ஷன் கொண்டு நகலெடுங்கள்.

இப்போதைக்கு விட்டுவைப்பவை

மேக்னட் இணைப்பு, டிஹெச்டி, என்க்ரிப்ஷன் எல்லாம் காத்திருக்கட்டும். டிஹெச்டி-க்கு அடிப்படையான கடேம்லியா தனி அத்தியாயம் கேட்கும். ஷா-256-க்கு மாறிய இரண்டாம் பதிப்பும் அப்படித்தான். துண்டு தேர்வை மட்டும் இப்போதே மேம்படுத்தலாம். அதிகம் பேரிடம் இல்லாத அரிய துண்டை முதலில் கேட்பது பிட்டோரண்ட்டின் வழக்கம். எல்லாப் பிட்ஃபீல்டுகளையும் ஒரு ஃபோல்டில் கூட்டி, துண்டுக்கு எத்தனை பேர் என்று எண்ணினால் ஆயிற்று. மைய ஃபங்ஷனுக்குள் அது பத்து வரி.

தருவதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். இறக்குவதோடு நிறுத்தும் கிளையன்ட் மற்றவர்களின் அலைவரிசையைத் தின்றுவிட்டுப் போவதுதான். உங்களுக்குத் தருபவர்களில் சிலருக்கு 10 விநாடிக்கு ஒருமுறை சோக்கை நீக்கி வழி திறப்பது, 30 விநாடிக்கு ஒருமுறை புதியவர் ஒருவருக்கு வாய்ப்பளிப்பது என்ற மரபும் விநாடி நிகழ்வில் அடங்கிவிடும்.

கோப்பு முழுதாக வந்ததும் டெபியன் தளத்திலுள்ள ஷா-256 பட்டியலோடு ஒப்பிடுங்கள். நெறிமுறையின் ஹாஷ் சோதனையை நீங்களே எழுதியிருப்பதால், வேறொருவர் எழுதிய கருவியும் ஒரு முறை பார்த்துச் சொல்லட்டும். 64 எழுத்தும் ஒத்துப்போனால் நிரலை மூடாமல், நிகழ்வுகளைத் திரையில் காட்டும்படி வைத்துவிட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். எங்கோ ஒருவர் இணைவார், பிட்ஃபீல்டைப் பரிமாறிக்கொள்வீர்கள், விருப்பம் தெரிவிப்பார், நீங்கள் வழி திறப்பீர்கள். பிறகு 13 பைட் நீளம், வகை 6 என்று முதல் ரெக்வஸ்ட் வந்து நிற்கும்.